சுத்தம் செய்த பிறகு மாதவிலக்கு குறைந்தால்: ஆஷர்மன் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை பெறுவதும்

"டி அண்ட் சி செய்துகொண்டேன், அதற்குப் பிறகு மாதவிலக்கு ஒன்றரை நாளோடு நின்றுவிடுகிறது." கருப்பையின் உட்புறத்தைக் கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் டி அண்ட் சி. அதற்குப் பின் கருப்பையின் உட்சுவர்கள் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஆஷர்மன் நோய். அதைக் கண்டறியும் வேலையில் பாதி இந்த ஒரு வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் நடைமுறையில் இந்த வாக்கியம் முழுதாக மருத்துவரிடம் போய்ச் சேர்வதில்லை. விலக்கு குறைந்திருப்பது இன்றைய குறை என்பதால் அதை மட்டும் சொல்கிறார்கள். கரு கலைந்தபோது கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் நடந்தது. அதை நினைவுகூர மனமும் வருவதில்லை, துணைக்கு வந்திருக்கும் மாமியார் முன்னால் சொல்லத் தயக்கமும் இருக்கிறது. மருத்துவர் ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார், எல்லாம் சரியாக இருக்கிறது, விலக்கை வரவழைக்க மாத்திரை கொடுக்கிறார், மாதங்கள் ஓடுகின்றன. இந்த நோயில் வீணாகும் காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

கருப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் உட்படலத்துக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மாதந்தோறும் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து, உதிரத்தோடு வெளியேறுகிறது. அடியடுக்கு உதிராமல் நின்று அடுத்த மாதத்துக்கான மேலடுக்கை மீண்டும் முளைக்கச் செய்கிறது. வயலில் அறுவடை முடிந்ததும் மண் அப்படியே இருப்பதைப் போன்றது இது. அந்த அடியடுக்கே சுரண்டப்பட்டுவிட்டால், அந்த இடத்தில் படலம் மீண்டும் வளராமல் தழும்பு உண்டாகிறது. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் இயல்பாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை என்பதால், எதிரெதிரே புண்பட்ட இரண்டு பரப்புகள் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மெல்லிய நூலாம்படை போன்ற ஒட்டிலிருந்து, உட்குழி முழுவதையும் அடைத்துவிடும் தடித்த தசைநார் வரை இந்த ஒட்டுகள் பலவகைப்படும். சினைப்பைகளுக்கு இதில் எந்தப் பாதிப்பும் இல்லை. முட்டை மாதந்தோறும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, ஹார்மோன்களும் தம் வேலையைச் செய்கின்றன. கோளாறு முழுவதும் கருப்பையின் உட்குழியில் மட்டும் இருக்கிறது என்பதால்தான் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

1894-லேயே ஹைன்ரிஷ் ஃப்ரிட்ஷ் என்ற ஜெர்மானிய மருத்துவர், பேறுகாலத்துக்குப் பின் சுரண்டல் செய்யப்பட்டு விலக்கு நின்றுபோன ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் 1948-இல் இத்தகைய 29 பெண்களைத் தொகுத்து விவரித்த ஜோசஃப் ஆஷர்மனின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

யாருக்கு வருகிறது என்று பார்த்தால், மிகப் பெரும்பாலானோருக்கு, கருவுற்றிருந்த அல்லது அண்மையில் பிரசவித்த கருப்பைக்குள் கருவி நுழைந்த வரலாறு இருக்கும். கருச்சிதைவுக்குப் பின் அல்லது கருக்கலைப்பின்போது செய்யப்படும் சுரண்டல் முதலிடம் பெறுகிறது; பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டதற்காகச் செய்யப்படும் சுரண்டல் அடுத்தது. இரண்டாவதில் ஆபத்து கூடுதல், குறிப்பாகப் பிரசவமான இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரம் வரை. அப்போது கருப்பை மென்மையாக இருக்கிறது, தாய்ப்பால் கொடுப்பதால் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கிறது, படலம் விரைந்து வளர்ந்து புண்ணை மூட முடிவதில்லை. நார்க்கட்டியை அகற்றும் அறுவை, உட்குழியிலுள்ள தடுப்புச் சுவரை வெட்டும் அறுவை, பிரசவ உதிரப்போக்கை நிறுத்தக் கருப்பையைச் சுற்றிப் போடும் அழுத்தத் தையல் ஆகியவற்றுக்குப் பிறகும் வரலாம். கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களை உள்நோக்கிக் கருவியால் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் ஒட்டு காணப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை லேசானவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். விலக்கையே நிறுத்திவிடும் கடுமையான வடிவம் அரிதுதான். சுத்தம் செய்துகொண்ட ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டியதில்லை. அதே வேலை இரண்டு மூன்று முறை நடந்திருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும்.

இந்தியாவில் இதோடு இன்னொரு காரணத்தையும் சேர்த்தாக வேண்டும்: கருப்பைக் காசநோய். நுரையீரலில் தொடங்கிய கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்களை அடைந்து, அங்கிருந்து உட்படலத்துக்கு இறங்கி, இருமலோ காய்ச்சலோ காட்டாமல் பல ஆண்டுகள் தங்கிப் படலத்தை அழிக்கும். எந்தச் சுரண்டலும் செய்துகொள்ளாத பெண்ணுக்கு ஒட்டு இருக்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

மருத்துவரிடம் போகுமுன்

ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை வாரக் கரு, மாத்திரையால் கலைந்ததா, உறிஞ்சி எடுத்தார்களா, சுரண்டினார்களா, ஒரு முறையா இரண்டு முறையா, பிறகு காய்ச்சல் வந்ததா. அதற்குக் கீழே, சுத்தம் செய்வதற்கு முன் விலக்கு எத்தனை நாள் நீடித்தது, நாளைக்கு எத்தனை நாப்கின் ஆனது; பின் எத்தனை நாள், எத்தனை நாப்கின். "குறைச்சலாகப் போகிறது" என்பதைவிட "ஐந்து நாள், நாளைக்கு நான்கு நாப்கின் என்று இருந்தது, இப்போது ஒரு நாள், ஒரே நாப்கின், அதுவும் பழுப்பு நிறம்" என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு பயனுள்ளது. பழைய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் அதைவிட மேலானது வேறில்லை. "கரு எஞ்சிய பகுதிகள் அகற்றப்பட்டன" என்ற ஒரு வரியே பல சமயம் முழுக் கதையையும் சொல்லிவிடும்.

இன்னும் ஒன்றையும் கவனித்து எழுதுங்கள்: உதிரம் வராத மாதத்திலும் அந்தந்த நாளில் அடிவயிறு வலிக்கிறதா? மார்பு கனக்கிறதா? வலி மாதந்தோறும் வந்து உதிரம் மட்டும் வரவில்லை என்றால், உட்படலம் எங்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பொருள். கருப்பை வாய்ப்பகுதி மட்டும் மூடிக்கொண்டு மேலே இரத்தம் தேங்கும் நிலை அப்படிப்பட்டது. அது ஒப்பீட்டளவில் எளிதாகச் சரிசெய்யக்கூடியது. வலியும் இல்லை, உதிரமும் இல்லை என்பது படலமே குன்றியிருப்பதைச் சுட்டலாம்.

வேறு காரணங்களை விலக்குதல்

முதலில் கர்ப்பப் பரிசோதனை. சொல்லவே தேவையில்லாதது போலத் தோன்றினாலும் தவிர்க்கக் கூடாதது, ஏனெனில் அடுத்து வரும் பரிசோதனைகள் பலவும் கருவைப் பாதிக்கக்கூடியவை. பிறகு தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடயால் ஆகிய ஹார்மோன்களின் இரத்தப் பரிசோதனை. கருத்தடை ஊசியோ ஹார்மோன் பூசிய கருத்தடைச் சாதனமோ பயன்படுத்துபவருக்கு விலக்கு குறைவது அந்த மருந்தின் இயல்பு. நீர்க்கட்டி நோய் உள்ளவருக்கு விலக்கு தள்ளிப்போகும், ஆனால் வரும்போது பெரும்பாலும் நிறையவே போகும்.

பிரசவத்தின்போது அளவுக்கு மீறி இரத்தம் போன பெண்ணுக்கு விலக்கு திரும்பவில்லை என்றால் ஷீஹன் நோயையும் நினைக்க வேண்டும். பெருத்த இரத்த இழப்பால் மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பி சேதமடைவது அது. அந்தப் பெண்ணுக்குத் தாய்ப்பால் சுரந்திருக்காது, எப்போதும் அசதியாக இருக்கும், குளிர் தாங்காது, ஹார்மோன்கள் பலவும் குறைந்திருக்கும். ஆஷர்மனில் பால் சுரந்திருக்கும், ஹார்மோன்கள் சரியாக இருக்கும். உதிரப்போக்கும் சுரண்டலும் ஒரே பிரசவத்தில் நடந்திருந்தால் இந்தக் கேள்வி முக்கியமாகிவிடுகிறது.

புரோஜெஸ்டிரோன் மாத்திரையைச் சில நாள் கொடுத்து நிறுத்தி, உதிரம் வருகிறதா என்று பார்ப்பது பழைய வழி. வராவிட்டால் ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்து மூன்று வாரத்துக்கு மேல் கொடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் வராவிட்டால் கோளாறு கருப்பையில்தான். தர்க்கம் சரியானது. ஆனால் சுரண்டல் வரலாறு தெளிவாக இருக்கும்போது இந்தச் சோதனையையே இரண்டு மூன்று முறை திரும்பச் செய்து அரை ஆண்டைக் கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதோடு, ஓரளவு உதிரம் வந்துவிட்டால் ஒட்டு இல்லை என்றும் ஆகிவிடாது; உட்குழியின் ஒரு பகுதி மட்டும் ஒட்டியிருக்கும் பெண்ணுக்கு மீதிப் பகுதியிலிருந்து உதிரம் வரத்தான் செய்யும்.

உள்ளே பார்த்தல்

யோனிவழி ஸ்கேன் முதல் படி. சுழற்சியின் நடுநாட்களில் படலம் மூன்று கோடுகளாகத் தெரிந்து 7, 8 மில்லிமீட்டர் தடிமனை எட்ட வேண்டும். 3, 4 மில்லிமீட்டரில் நின்றுவிட்டாலோ, கோடு இடையிடையே அறுபட்டுத் தெரிந்தாலோ ஐயம் வலுக்கிறது. சாதாரண ஸ்கேன் சரியாக இருப்பது ஒட்டு இல்லை என்பதற்குச் சான்றாகாது. கருப்பைக்குள் மெல்லிய குழாய் வழியே உப்புநீர் செலுத்தி ஸ்கேன் பார்க்கும் முறை இதைவிடத் தெளிவானது. ஒட்டியிருக்கும் சுவர்களை நீர் பிரிக்க முயலும்போது, நடுவே கட்டிய கயிறு போல ஒட்டு தெரியும்.

குழந்தைக்காகச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலோர் எச்.எஸ்.ஜி. எடுத்திருப்பார்கள், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே அது. அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இயல்பான உட்குழி தலைகீழ் முக்கோணமாக, வழவழப்பான ஓரங்களோடு வெள்ளையாக நிறைந்திருக்கும். ஒட்டு இருந்தால் அந்த வெள்ளைக்குள் கோணல்மாணலான, கூர்மையான விளிம்புடைய கருந்திட்டுகள் இருக்கும். சாயம் போகாத இடங்கள் அவை. காற்றுக்குமிழும் கருந்திட்டாகத் தெரியலாம், ஆனால் குமிழ் உருண்டையாக இருக்கும், அடுத்த படத்தில் இடம் மாறியிருக்கும். ஒட்டு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். கடுமையான நிலையில் சாயம் வாய்ப்பகுதியைத் தாண்டாமல் ஒரு சிறு குச்சியாக நின்றுவிடும். எச்.எஸ்.ஜி. இல்லாத ஒட்டைக் காட்டுவதும் உண்டு, மெல்லிய ஒட்டைத் தவறவிடுவதும் உண்டு.

ஆகவே உறுதி செய்வது ஹிஸ்டரோஸ்கோப்பிதான். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள உள்நோக்கிக் கருவியை யோனி வழியே செலுத்தி, உப்புநீரால் குழியை விரித்து, கண்ணால் பார்ப்பது. வெட்டுக் காயம் இல்லை. நோயறிவதற்கு மட்டுமென்றால் மயக்க மருந்து இல்லாமலேயே பலருக்குச் செய்கிறார்கள். விலக்கு முடிந்த ஓரிரு நாளில் படலம் மெல்லியதாக இருக்கும்போது செய்வது நல்லது. ஆரோக்கியமான படலம் இளஞ்சிவப்பாகவும், மேலே இரு மூலைகளில் கருக்குழாய் வாய்கள் இரண்டு சிறு துளைகளாகவும் தெரியும். ஒட்டு வெளிறிய வெண்ணிறத்தில், திரை போலவோ தூண் போலவோ நிற்கும். சில சமயம் அந்தத் துளைகளில் ஒன்று கண்ணுக்கே அகப்படாது. மருத்துவரிடம் படங்களையோ வீடியோவையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் எழுத்து அறிக்கையைவிட அதுவே பேசும்.

அறிக்கையில் "நிலை 1, 2, 3" என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் 1988-இல் அமெரிக்கக் கருவள சங்கம் வகுத்த மதிப்பெண் முறையாக இருக்கும். குழியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக ஒட்டியிருந்தால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை 2, அதற்கு மேல் 4. ஒட்டு மெல்லியதென்றால் 1, மெல்லியதும் தடித்ததும் கலந்திருந்தால் 2, தடித்தது மட்டுமென்றால் 4. விலக்கு இயல்பாக இருந்தால் 0, குறைந்திருந்தால் 2, நின்றிருந்தால் 4. மூன்றையும் கூட்டி 1 முதல் 4 வரை லேசானது (நிலை 1), 5 முதல் 8 வரை நடுத்தரம் (நிலை 2), 9 முதல் 12 வரை கடுமை (நிலை 3). பாதிக் குழியில் கலப்பான ஒட்டும் குறைந்த விலக்கும் உள்ள பெண்ணுக்கு 2 கூட்டல் 2 கூட்டல் 2, ஆக 6 வருகிறது, நடுத்தரம். உங்கள் அறிக்கையில் மதிப்பெண் இல்லாவிட்டாலும் இந்த மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

காசநோய் ஐயம் இருந்தால் அதே வேளையில் படலத்தின் துணுக்கை எடுத்து நுண்ணோக்கிப் பரிசோதனைக்கும், கிருமி வளர்ப்புக்கும், சி.பி.நாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். என்ற ஒரே பரிசோதனை பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாத மருந்தைத் தொடங்கச் சொன்னால், வேறு சான்று உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு. நோய் உறுதியானால் முதல் 2 மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகளும், தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த மருந்து கிருமியைக் கொல்லும், ஒட்டைக் கரைக்காது. மருந்து முடிந்த பிறகே ஒட்டைப் பற்றிய முடிவு. காசநோயால் அழிந்த படலம் சுரண்டலால் புண்பட்ட படலத்தைப் போல மீள்வதில்லை என்பதையும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒட்டைப் பிரித்தல்

குழந்தை வேண்டாம், வலியும் இல்லை, விலக்கு மட்டும் குறைந்திருக்கிறது என்றால் சிகிச்சை கட்டாயமில்லை. குழந்தை வேண்டும் என்பவருக்கும், திரும்பத் திரும்பக் கரு கலைபவருக்கும், தேங்கிய உதிரத்தால் வலி உள்ளவருக்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி வழியே ஒட்டைப் பிரிப்பதே சிகிச்சை. கண்ணால் பார்க்காமல் கருவியை உள்ளே விட்டுத் தடவிப் பிரிக்கும் பழைய முறையை, குறிப்பாக மீண்டும் ஒரு டி அண்ட் சி செய்து "திறந்துவிடுவதை", ஏற்க வேண்டாம். நோயை உண்டாக்கிய கருவியே அது.

முதல் அறுவையே சிறந்த வாய்ப்பு என்பதால் யார் செய்கிறார் என்பதில் கவனம் வேண்டும். இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள், கத்தரியால் வெட்டுவீர்களா மின்சாரக் கருவியாலா, செய்யும்போது வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்ப்பீர்களா, பிறகு ஒட்டாமலிருக்க என்ன வைப்பீர்கள், மறுபடி எப்போது உள்ளே பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். மெல்லிய ஒட்டு கருவியின் முனை பட்டாலே பிரிந்துவிடும். தடித்த ஒட்டுக்குக் கத்தரியைப் பலரும் விரும்புகிறார்கள், ஏனெனில் மின்வெப்பம் சுற்றியிருக்கும் நல்ல படலத்தையும் சுடலாம். குழி முழுவதும் அடைந்திருக்கும்போது எது ஒட்டு, எது கருப்பைச் சுவர் என்ற எல்லையே மறைந்துவிடுகிறது. கருவி சுவரைத் துளைத்து வெளியே போய்விடும் ஆபத்து அப்போதுதான் கூடுதல். ஸ்கேன் அல்லது லேப்பரோஸ்கோப்பியின் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்நோக்கிக் கருவியால் பார்ப்பது) வழிகாட்டல் அதற்காகத்தான். கடுமையான நிலையில் ஒரே அமர்வில் முடிக்காமல் இரண்டு மூன்று முறையாகச் செய்வது திறமைக்குறைவு ஆகாது.

பிரித்த சுவர்கள் மீண்டும் ஒட்டிக்கொள்வதே இந்தச் சிகிச்சையின் தலைவலி. லேசான, நடுத்தர நிலையில் மூன்றில் ஒருவர் வரையும், கடுமையான நிலையில் மூன்றில் இருவர் வரையும் ஒட்டு திரும்பலாம். தடுக்க, சிறுநீர் வடிக்கப் பயன்படும் சிறு ஃபோலி குழாயின் பலூனையோ இதற்கென்றே செய்த முக்கோண பலூனையோ சுமார் ஒரு வாரம் உள்ளே வைப்பதுண்டு. ஹையலுரோனிக் அமில ஜெல்லைப் பூசுவதும் உண்டு. காப்பர்-டி இதற்கு ஏற்றதல்ல: செம்பு அழற்சியைத் தூண்டும், டி வடிவமும் சுவர்களைப் பிரித்து நிறுத்தும் அளவுக்கு அகலமில்லை.

எஞ்சிய படலத்தை வளர்க்க எஸ்ட்ரடயால் வாலரேட் மாத்திரை, பெரும்பாலும் நாளொன்றுக்கு 4 முதல் 6 மில்லிகிராம், மூன்று நான்கு வாரம் கொடுத்து, கடைசிப் பகுதியில் புரோஜெஸ்டிரோன் சேர்க்கிறார்கள். அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காலில் இரத்தக்கட்டி வந்தவரும், மார்பகப் புற்று வரலாறு உள்ளவரும், கல்லீரல் நோயுள்ளவரும், கண்ணில் ஒளிவட்டம் தெரிந்து வரும் ஒற்றைத்தலைவலி உள்ளவரும் மாத்திரை எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், துர்நாற்ற வெள்ளை, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் உதிரம், தாங்கமுடியாத வயிற்றுவலி ஆகியவற்றுக்குக் காலை வரை காத்திருக்காதீர்கள்.

மறுபார்வை ஹிஸ்டரோஸ்கோப்பியை "விலக்கு வந்துவிட்டதே" என்று தவிர்ப்பவர்கள் பலர். சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்யப்படும் அந்தப் பார்வையில் திரும்பிய ஒட்டு இன்னும் மெல்லியதாக இருக்கும், எளிதில் பிரியும். குழி சுத்தமாக இருப்பது உறுதியான பிறகே கருத்தரிக்க முயல்வது நல்லது. படலத்தை வளர்ப்பதாகச் சொல்லி இரத்தத் தட்டணுச் செறிவையும் குருத்தணுவையும் செலுத்தும் முறைகள் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கின்றன. பெரும் தொகை கேட்டு, உறுதி கொடுத்து விற்பவரிடம் அது எந்த ஆய்வின் கீழ் நடக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த முறை சுத்தம் செய்ய நேர்ந்தால்

கரு கலைந்ததும் உடனே சுரண்டல் என்பது எல்லோருக்கும் தேவையில்லை. மாத்திரையால் வெளியேற்றலாம், அல்லது மென்மையான பிளாஸ்டிக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். உலோகக் கரண்டியால் சுரண்டும் முறை காலாவதியானது, அதற்குப் பதில் இவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நஞ்சுத்துணுக்கு தங்கியிருந்தால் கண்ணால் பார்த்து அதை மட்டும் எடுக்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி வசதி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். உதிரம் கொட்டும் அவசரத்தில் இதெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியாது, உயிர் முதலில்.

சிகிச்சைக்குப் பின் கரு தங்கினால் கதை அங்கே முடிவதில்லை. தழும்புள்ள இடத்தில் நஞ்சுக்கொடி ஒட்டினால், அது படலத்தோடு நிற்காமல் கருப்பைத் தசைக்குள் ஊன்றிக்கொள்ளக்கூடும். பிரசவத்தில் அது பிரியாமல் பெரும் உதிரப்போக்கு ஏற்படும். 20-ஆம் வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்தை இதற்கென்றே பார்க்கச் சொல்ல வேண்டும், இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனையிலேயே பிரசவத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். தாய்சேய் நல அட்டையில் முந்தைய அறுவைகளுக்கான இடத்தில் சிசேரியன் மட்டுமே எழுதப்படுவது வழக்கம். அங்கே "கருப்பை ஒட்டு நீக்கம், ஹிஸ்டரோஸ்கோப்பி, இத்தனை முறை, இந்த ஆண்டு" என்று செவிலியரிடம் சொல்லி எழுதவைத்துவிடுங்கள். நள்ளிரவில் வலி எடுத்துப் போகும்போது பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் புரட்டுவது அந்த அட்டையைத்தான்.